கையொப்பமிட்டவரும் கட்டணம் கொடுத்தவரும்

1840ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 10ஆம் நாளுக்கு முன், இங்கிலாந்தில் ஒரு கடிதம் வீட்டு வாயிலை அடைந்தால் அதற்குரிய கூலியைப் பெரும்பாலும் பெறுபவரே கொடுத்தார். எழுதியவர் கொடுப்பதற்கும் வழி இருந்தது. ஆயினும் வழக்கம் அதுவன்று. தாளின் எண்ணிக்கையையும் ஊரின் தொலைவையும் பார்த்துக் கூலி கணிக்கப்பட்டது. அஞ்சற்காரர் கதவைத் தட்டி, வீட்டார் காசு தேடி எடுத்து வரும்வரை காத்து நின்றார். வறியவர் சிலர் கடிதத்தின் மேற்புறத்துக் கையெழுத்தைக் கண்டு, எழுதியவர் உயிரோடும் நலத்தோடும் இருக்கிறார் என்பதை மட்டும் அறிந்துகொண்டு, கடிதத்தைத் திருப்பிவிடுவதும் உண்டு. சுமந்துவந்த உழைப்பு அத்தனையும் அஞ்சல் துறையின் இழப்பாயிற்று.

1837இல் ரோலண்டு ஹில் என்பார் அஞ்சல் சீர்திருத்தம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். கடிதத்தைச் சுமப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. கூலியைக் கணிப்பதும், எழுதி வைப்பதும், வாயில்தோறும் நின்று தண்டுவதுமே பெருஞ்செலவு என்று அதில் காட்டினார். எழுதியவரே முன்னதாகக் கொடுத்துவிட்டால் இந்தச் செலவு நீங்கும். அவர் கருத்து வென்றது. 1840 மே 6ஆம் நாள் முதல் ஒரு பென்னி கருப்பு அஞ்சல்தலை செல்லுபடியாயிற்று.

அதே ஆண்டில் வேறொரு வழக்கமும் ஒழிந்தது. பாராளுமன்ற உறுப்பினர் கடிதத்தின் மேல் தம் கையொப்பத்தை இட்டால் அது கூலியின்றிச் செல்லும் என்பது பழைய சலுகை. உறுப்பினர்கள் வெறுந்தாளில் கையொப்பமிட்டு நண்பர்க்கும் உறவினர்க்கும் கொடுத்து வந்தனர். கையொப்பம் ஒருவருடையது, கடிதம் இன்னொருவருடையது, செலவோ அரசுடையது. கட்டணத்தை யார் கொடுப்பது என்பது கணக்குப்பிள்ளையின் சில்லறைக் கவலை போல் தோன்றினாலும், யார் எழுதலாம், யாருக்கு எழுதலாம், யாரை ஏமாற்றலாம் என்பன எல்லாம் அதிலேயே அடங்கியிருந்தன.

ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்குப் பின் தோன்றிய பிளாக்செயின் என்னும் பேரேட்டிலும் இதே வினா எழுந்தது. அங்கும் முதலில் வந்த விடை நெடுநாள் நிலைக்கவில்லை.

சொல்லப்படாத கட்டணம்

பிளாக்செயின் என்பது ஒரே அலுவலகத்தில் பூட்டி வைக்கப்படாத பேரேடு. அதன் படிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கின்றன. புதிய பதிவுகள் தொகுதி தொகுதியாகச் சேர்க்கப்பட்டு ஒன்றோடொன்று சங்கிலிபோல் பிணைக்கப்படுகின்றன. தொகுதியை எழுதுவோரை ஈண்டுக் கணக்கர் என்றே சொல்லலாம். தொகுதியில் இடம் சிறிது. எழுத விரும்புவோர் பலர். கணக்கருக்கு ஊதியம் வேண்டும். வீண் பதிவுகளால் ஏடு நிரம்பாமலிருக்கத் தடையும் வேண்டும். இவ்விரண்டுக்குமாக ஏற்பட்டதே பதிவுக் கட்டணம்.

2008 அக்டோபர் 31ஆம் நாள் சத்தோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளிவந்த கட்டுரையே பிட்காயினின் தோற்றுவாய். 2009 சனவரி 3ஆம் நாளிட்டது அதன் முதல் தொகுதி. பிட்காயின் பதிவில் 'கட்டணம்' என்றொரு வரியே கிடையாது என்பது பலர் அறியாத செய்தி. உள்ளே வைத்த பணத்துக்கும் வெளியே எடுத்ததாக எழுதிய பணத்துக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவோ, அவ்வளவும் கணக்கரைச் சேரும். கடையில் நூறு வெள்ளி நோட்டை நீட்டி, மீதியைத் தாமே எழுதி வாங்கிக்கொள்ள மறந்தால் கடைக்காரர் முழுதையும் வைத்துக்கொள்வதைப் போன்றது இது.

இதனால் நேர்ந்த இழப்புகள் சிறியன அல்ல. 2016 ஏப்பிரலில் ஒருவர் அற்பத் தொகை ஒன்றை அனுப்பும்போது 291 பிட்காயினைக் கட்டணமாக விட்டுவிட்டார். 2023 செப்டம்பரில் ஒரு நிறுவனத்தின் நிரலில் இருந்த பிழையால் 19 பிட்காயினுக்கு மேல் இவ்வாறே போயிற்று. அந்தத் தொகுதியை எழுதிய கணக்கர் அதைத் திருப்பிக் கொடுத்தது நற்பேறு. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற விதி ஏட்டில் எங்கும் இல்லை.

கட்டணத்துக்கெனத் தனி வரி இல்லாததில் ஒரு நன்மையும் மறைந்திருந்தது. ஒரு பதிவுக்குள் பலர் பணம் வைக்கலாம். எனவே எவர் வேண்டுமானாலும் கட்டணத்தைத் தாங்கலாம். கையொப்பமிடும்போதே 'என் பங்குக்கு மட்டும் நான் பொறுப்பு. பிறரும் பணம் சேர்க்கலாம்' என்று குறிக்கும் முறையும் தொடக்கத்திலிருந்தே உண்டு. மேலும், அனுப்பியவர் கட்டணத்தைக் குறைத்து எழுதியதால் பதிவு தேங்கி நின்றால், பெறுபவர் அந்த இன்னும் வந்துசேராப் பணத்தையே செலவிட்டு, உயர்ந்த கட்டணத்தோடு இன்னொரு பதிவை அனுப்புவார். பின்னதை எழுத விரும்பும் கணக்கர் முன்னதையும் எழுதியே ஆக வேண்டும். 'பிள்ளை பெற்றோருக்குக் கட்டுகிறது' என்று இம்முறையை அழைத்தார்கள். 2016 ஆகஸ்டில் வெளிவந்த பிட்காயின் கோர் 0.13.0 பதிப்பு, தொகுதிக்குப் பதிவுகளைத் தெரிந்தெடுக்கும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொண்டது. 1840க்கு முன் வாயிலில் நின்று கூலி கொடுத்த பெறுநரை இங்கே மீண்டும் காணலாம். வேறுபாடு, இவர் விரும்பிக் கொடுக்கிறார்.

எண்ணெய் இல்லாத வண்டி

2015 சூலை 30ஆம் நாள் எதீரியம் இயங்கத் தொடங்கியதும் நிலைமை மாறிற்று. பிட்காயின் பெரும்பாலும் பணத்தை இடம் மாற்றும் ஏடு. விட்டாலிக் பூட்டரின் 2013இன் இறுதியில் வகுத்த எதீரியமோ நிரல்களையே ஏட்டில் பதித்து இயக்கும் பொறி. ஒரு நிரல் எப்போது முடியும் என்பதை இயக்கிப் பாராமல் எல்லா வேளையிலும் முன்கூட்டி அறிய முடியாது என்பது கணிதத்தில் நிறுவப்பட்ட உண்மை. முடிவே இல்லாமல் சுற்றும் நிரலை ஒருவர் ஏவிவிட்டால் ஏடு முழுதும் நின்றுவிடும். ஆகவே ஒவ்வோர் அடிக்கும் ஒரு விலை வைத்தனர்; அதற்குக் 'கேஸ்' என்று பெயரிட்டனர். மலேசியத் தமிழர் வண்டிக்கு 'எண்ணெய்' ஊற்றுவது என்று சொல்வார்களே, அந்தப் பொருளில் அமைந்த அமெரிக்கச் சொல் அது. மிக எளிய பணமாற்றத்துக்கு 21,000 அலகு எண்ணெய் வேண்டும். வழியில் எண்ணெய் தீர்ந்தால் செய்த வேலை அனைத்தும் நீக்கப்படும். எரிந்த எண்ணெய்க்கான காசு மட்டும் திரும்பாது.

யார் கொடுப்பது? எதீரியத்தின் விடை மிகச் சுருக்கமானது. பதிவில் அனுப்புநர் பெயர் எழுதப்படுவதில்லை. கையொப்பத்திலிருந்தே கணித முறையால் முகவரி மீட்கப்படுகிறது. அம்முகவரி எதுவோ அதுவே செயலைச் செய்தவர்; அதுவே கட்டணம் கொடுப்பவர்; கொடுக்க வேண்டிய நாணயமோ ஈதர் ஒன்றே. விருப்பம், பணப்பை, செயலுக்குரிய பெயர் ஆகிய மூன்றும் ஒரே கையொப்பத்தில் கட்டப்பட்டுவிட்டன. அன்றைய நிலையில் இதைக் குறையென்று சொல்வதற்கில்லை. புதிய பொறியை எளிமையாக வைக்க நினைத்தவர்கள் செய்த தெரிவு அது.

குறை விரைவிலேயே புலப்பட்டது. 2015 நவம்பரில் இ.ஆர்.சி. 20 என்னும் முன்மொழிவு வந்தபின், ஈதர் அல்லாத வேறு அடையாள நாணயங்களும் எதீரிய ஏட்டில் பெருகின. அமெரிக்க டாலருக்கு இணையாக வைக்கப்பட்ட நாணயங்களும் பிறகு வந்தன. வெளிநாட்டில் உழைக்கும் ஒருவர் ஊரிலுள்ள தாயாருக்கு அத்தகைய டாலர் நாணயம் 200 அனுப்புகிறார் என்று கொள்க. தாயாரின் பெயரில் பணம் ஏறிவிட்டது, எல்லாரும் பார்க்கலாம். ஆனால் அதில் ஒரு காசை அசைக்க வேண்டுமானால் ஈதர் வேண்டும். ஈதர் வாங்க வேண்டுமானால் நாணயச் சந்தையில் கணக்குத் திறக்க வேண்டும். பெட்டியில் பணம் இருந்தும் பெட்டியைத் திறக்கும் கூலிக்கு வேறொரு நாட்டுக் காசு கேட்டால் அந்த முதியவர் என்ன செய்வார்?

நெரிசல் மிகுந்தபோது துன்பம் இரட்டித்தது. 2017இன் இறுதியில் கிரிப்டோகிட்டீஸ் என்ற பூனைக்குட்டி விளையாட்டு எதீரியத்தைத் திணறடித்தது. அதே திசம்பரில் பிட்காயினின் சராசரிக் கட்டணம் 50 டாலரைத் தாண்டியது. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் எதீரியத்தில் நடைமுறைக்கு வந்த இ.ஐ.பி. 1559 என்னும் மாற்றம் கட்டணம் போய்ச் சேரும் இடத்தைத் திருத்தியது: அடிப்படைக் கட்டணம் கணக்கருக்குச் செல்லாமல் அழிக்கப்படுகிறது. கொடுப்பவர் யார் என்ற வினாவை அது தொடவில்லை.

ஏவலாளர் வந்தார்

ஏட்டின் சட்டத்தை மாற்ற இயலாதபோது நிரலாளர்கள் பக்கவழி தேடினர். பயனர் தம் விருப்பத்தை ஒரு செய்தியாக எழுதிக் கையொப்பமிடுவார், ஏட்டுக்கு அனுப்பமாட்டார். ஈதர் வைத்திருக்கும் ஏவலாளர் ஒருவர் அச்செய்தியைத் தம் பதிவுக்குள் வைத்து, கட்டணத்தைத் தாம் கொடுத்து அனுப்புவார். ஏட்டில் உள்ள ஒப்பந்த நிரல் உள்ளிருக்கும் கையொப்பத்தைச் சோதித்து, பயனரின் விருப்பத்தை நிறைவேற்றும்.

இங்கே ஓர் இடர். ஒப்பந்த நிரல், 'என்னை அழைத்தவர் யார்?' என்று கேட்டால், ஏடு ஏவலாளரின் பெயரையே சொல்லும். முன்னரே எழுதப்பட்ட நிரல்கள் எல்லாம் அந்தப் பெயரை நம்பியே பணத்தைக் கொடுத்தன, மறுத்தன. கட்டணம் கொடுத்தவரே செயலுக்கு உரியவராகக் கருதப்பட்டார். 2020 சூலையில் தோன்றிய இ.ஆர்.சி. 2771 இதற்கு ஒரு வழி சொன்னது. நம்பத்தக்க இடையாள் நிரல் ஒன்றை அமைத்து, அது கையொப்பத்தைச் சோதித்தபின், உண்மைப் பயனரின் முகவரியைச் செய்தியின் இறுதி 20 பைட்டுகளாக ஒட்டி அனுப்ப வேண்டும். பெறும் நிரல், அழைத்தவர் அந்த இடையாள்தானா என்று பார்த்து, ஆம் எனில் கடைசி 20 பைட்டுகளைப் பயனரின் பெயராக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடிதத்தின் அடியில் 'இது இன்னாருடையது' என்று தபால் நிலையம் எழுதி அனுப்புவதை ஒத்த இந்த முறை மூன்று ஆண்டுகள் தீங்கின்றி வழங்கிற்று. 2023 திசம்பரில் இதன் ஓட்டை வெளிப்பட்டது. பல நிரல்களில் 'மல்டிகால்' என்றோர் ஏற்பாடு உண்டு; ஒரே செய்திக்குள் பல சிறு செய்திகளை வைத்து ஒவ்வொன்றாக நிறைவேற்றுவது அது. வெளிச் செய்தியின் இறுதியில் இடையாள் ஒட்டிய பெயர் மெய்யானது. ஆனால் உள்ளிருக்கும் சிறு செய்தி ஒவ்வொன்றின் இறுதி 20 பைட்டுகளை எழுதியவர் பயனரே. அழைத்தவர் இன்னும் இடையாள்தான் என்று நிரல் காண்கிறது. இறுதி 20 பைட்டுகளை அப்படியே நம்புகிறது. அங்கே பிறர் முகவரியை எழுதிய கள்வர், அப்பிறரின் பெயரால் செயற்பட்டுவிட்டார். இரண்டு ஏற்பாடுகளும் தனித்தனியே குற்றமற்றவை. சேர்ந்தபோதுதான் கேடு விளைந்தது.

கட்டணமே ஆளைக் காட்டிக்கொடுத்த வரலாறும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. எதீரிய ஏடு எவரும் படிக்கக்கூடிய திறந்த ஏடு. பணம் எங்கிருந்து எங்கே சென்றது என்பதை மறைக்க 2019இல் டொர்னேடோ கேஷ் என்னும் நிரல் தோன்றிற்று. பலர் ஒரே அளவான தொகையைப் பொதுக் குவியலில் இடுவர்; பிறகு புதிய முகவரி ஒன்றில், தாம் இட்டது எது என்பதைக் காட்டாமலே, இட்டதுண்டு என்று மட்டும் கணித முறையில் மெய்ப்பித்து எடுத்துக்கொள்வர். ஆனால் புதிய முகவரியில் ஈதர் ஏது? எடுக்கும் செயலுக்கே கட்டணம் வேண்டுமே! பழைய முகவரியிலிருந்து சிறிது ஈதர் அனுப்பினால் அந்த ஒரு வரியே எல்லா மறைவையும் குலைத்துவிடும். ஆகவே அங்கும் ஏவலாளர் வந்தனர். கட்டணத்தைத் தாம் கொடுத்து, எடுக்கும் தொகையில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டனர். ஏவலாளரின் முகவரியும் அவர் பெறும் பங்கும் அந்தக் கணித மெய்ப்பிலேயே கட்டப்பட்டிருந்தமையால், அவர் மிகுதியாக எடுக்கவோ தொகையை வேறிடத்துக்குத் திருப்பவோ முடியாது. திருட்டுப் பணமும் அவ்வழியே சென்றது என்று கூறி அமெரிக்க நிதித்துறை 2022 ஆகஸ்டில் அந்நிரலைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. 2025 மார்ச்சில் நீக்கிற்று.

இடம் ஒதுக்கிய ஏடுகள்

எதீரியத்தின் இடர்ப்பாட்டைக் கண்டு பின்வந்த சில ஏடுகள், கட்டணம் கொடுப்பவருக்கெனத் தனியிடமே வகுத்தன. கொரிய நாட்டில் 2019 சூனில் தொடங்கிய கிளேட்டன் (2024 முதல் கையா என்னும் பெயர் பெற்றது) பதிவு வகைகளையே பிரித்தது. அனுப்புநர் ஒரு கையொப்பம், கட்டணம் கொடுப்பவர் ஒரு கையொப்பம். அதோடு நில்லாமல் விழுக்காடும் குறிக்கலாம்: 30 என்று எழுதினால் கொடையாளர் 30 பங்கு, அனுப்புநர் 70 பங்கு. 2020 சூனில் ஸ்டெல்லர் ஏட்டின் 13ஆம் நெறிமுறை வேறொரு வழியைக் கொண்டுவந்தது. கையொப்பமிட்டு முடிந்த பதிவை அப்படியே ஓர் உறையிலிட்டு, உறையின் மேல் மற்றொருவர் கையொப்பமிட்டுக் கட்டணத்தை ஏற்கலாம். உள்ளே எழுதியவர்க்கு உறையிடுபவர் யாரென்று தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

2020 மார்ச்சில் பொது வழக்குக்கு வந்த சொலானா இவ்விரண்டினும் வேறானது. நிரலாளர்களிடையே மிகுதியாகப் பேசப்படுவதும் இதுவே. சொலானாப் பதிவின் தலையில், அப்பதிவு தொடும் முகவரிகள் எல்லாம் வரிசையாக எழுதப்படுகின்றன. அவற்றுள் கையொப்பமிடுவோர் முன்னே நிற்பர். அவருள்ளும் முதல்வரே கட்டணம் கொடுப்பவர். தனி விதி, தனி வகை எதுவும் இல்லை. வரிசையில் முதலிடம் என்பதே விதி. நிரலாளர் பதிவை ஆக்கும்போது கட்டணக்காரரின் முகவரியை அங்கே குறித்துவிட்டால் போதும். கட்டணமோ ஒரு கையொப்பத்துக்கு 5,000 லாம்போர்ட்டு. கணினி அறிஞர் லெசுலி லாம்போர்ட்டின் பெயரால் வழங்கும் இச்சிறு காசு, சொல் என்னும் நாணயத்தின் நூறு கோடியில் ஒரு பங்கு. செயல் தோற்றாலும் இக்கட்டணம் போய்விடும்.

ஸ்டெல்லரின் உறையைப் போலன்றி, இங்கே பயனரும் கட்டணக்காரரும் ஒரே செய்தியில் கையொப்பமிடுகின்றனர். ஆகவே யார் கொடுக்கப் போகிறார் என்பது பயனர் கையொப்பமிடுமுன் முடிவாகியிருக்க வேண்டும். பிறகு மாற்றினால் அவர் கையொப்பம் செல்லாது. செய்தியில் அண்மைத் தொகுதி ஒன்றின் அடையாளமும் எழுதப்படுவதால், 150 தொகுதிகளுக்குள், அதாவது ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குச் சற்றே மிகுந்த காலத்துக்குள், இருவர் கையொப்பமும் முடிந்து ஏட்டைச் சேர வேண்டும். பயனர் படித்துப் பார்க்கத் தாமதித்தால் எல்லாவற்றையும் மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.

கட்டணக்காரரின் இடர் இதனினும் பெரிது. சொலானாவில் ஒருவர் இட்ட கையொப்பம் கட்டணத்துக்கு மட்டும் என்று அடங்கி நிற்பதில்லை. அப்பதிவில் உள்ள எல்லாக் கட்டளைகளுக்கும் அவர் கையொப்பம் இருப்பதாகவே ஏடு கொள்ளும். பயனர் எழுதிக் கொணர்ந்த பதிவில் 'கட்டணக்காரரின் கணக்கிலிருந்து இவ்வளவு சொல் எனக்கு மாற்றுக' என்றொரு கட்டளை நுழைந்திருந்து, கட்டணக்காரரின் கணினி ஆராயாமல் கையொப்பமிட்டுவிட்டால், பணம் சட்டப்படியே போய்விடும். கட்டணக்காரர் ஒவ்வொரு கட்டளையையும் பிரித்துப் படித்து, தம் முகவரி கட்டணத்துக்கன்றி வேறெதற்கும் ஆளப்படவில்லை என்று கண்டபின்னரே கையொப்பமிட வேண்டும்.

நுண்ணிய ஏமாற்றும் உண்டு. சொலானாவில் புதிய நாணயக் கணக்கு திறக்க ஒரு வைப்புத்தொகை வேண்டும்; நெடுநாள் வழங்கிவந்த கணக்குப்படி 165 பைட்டுக் கணக்குக்கு அது 20,39,280 லாம்போர்ட்டு, ஒரு கையொப்பக் கட்டணத்தைப்போல் 400 மடங்குக்கும் மேல். கட்டணத்தைத் தாங்குவதாகச் சொன்ன கொடையாளர் பெரும்பாலும் இதையும் தாங்குகிறார். கணக்கை மூடும்போது அந்த வைப்புத்தொகை கணக்குக்குரியவர் காட்டும் முகவரிக்குச் செல்லும். கொடையாளர் பணத்தில் கணக்குத் திறப்பது, மூடித் தொகையைத் தாம் எடுப்பது, மீண்டும் திறப்பது என்று ஒருவர் நாள் முழுதும் செய்துகொண்டிருக்கலாம். 5,000 லாம்போர்ட்டைக் கணக்கிட்ட நிரலாளர் கோட்டைவிடுவது இவ்விடத்தில்தான்.

யாருமே கொடுக்க வேண்டாம் என்ற ஏடும் இருந்தது. 2018 சூனில் தொடங்கிய ஈ.ஓ.எஸ். பதிவுக்குக் கட்டணம் கேட்கவில்லை. நாணயத்தைப் பூட்டி வைப்போர்க்கு, வைத்த அளவுக்கேற்பக் கணினி நேரத்தைப் பங்கிட்டது. 2019 நவம்பரில் ஈடோஸ் என்ற நாணயம் வெளிவந்தது. சிறு தொகை அனுப்பினால் அதைத் திருப்பித் தந்து புதிய நாணயத்தையும் இலவசமாகக் கொடுத்தது அது. கட்டணம் இல்லையே! எந்திரங்கள் இரவு பகலாக அனுப்பிக்கொண்டே இருந்தன. நேரத்தின் விலை ஏறிற்று. சிறிதளவே பூட்டி வைத்திருந்த எளியவர்கள் ஒரு பதிவும் செய்ய முடியாமல் நின்றனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே, 2019 செப்டம்பரில், பதிவில் முதலாவதாக ஒப்புதல் தருபவர் கணக்கில் மட்டும் செலவை ஏற்றும் வசதி அங்கு வந்திருந்தது. நிறுவனங்கள் முதல் ஒப்புதலைத் தாம் தந்து பயனரைக் காத்தன. கட்டணமில்லா ஏட்டிலும் கட்டணக்காரர் தோன்றிவிட்டார். 2021 மே மாதம் தொடங்கிய இன்டர்நெட் கம்ப்யூட்டர் என்னும் ஏடு, அழைக்கும் பயனரை விட்டு, இயங்கும் நிரலே தன் இருப்பிலிருந்து செலவைக் கொடுக்கும்படி அமைத்தது.

எதீரியம் திரும்பிவந்த வழி

எதீரியத்தின் ஆக்குநர்கள் இக்குறையை அறியாதவர்கள் அல்லர். 2017 பிப்பிரவரியிலேயே இ.ஐ.பி. 86 என்ற முன்மொழிவில், கையொப்பத்தைச் சோதிப்பதையும் கட்டணம் கொடுப்பதையும் ஏட்டின் சட்டத்திலிருந்து பிரித்து ஒப்பந்த நிரலிடம் விடலாம் என்று பூட்டரின் எழுதினார். அது நிறைவேறவில்லை. 2020இல் வந்த இ.ஐ.பி. 2938உம் நிறைவேறவில்லை. காரணம் சோம்பலன்று. கட்டணம் உறுதியாகக் கிடைக்கும் என்று தெரிந்தால்தான் கணக்கர் ஒரு பதிவை ஏற்று இயக்குவார். சாதாரணக் கையொப்பமாயின் இருப்பைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். 'கட்டணம் உண்டா?' என்பதையே ஒரு நிரல்தான் சொல்ல வேண்டும் என்றால், அந்த நிரலை இயக்கும் செலவை யார் கொடுப்பது? ஆம் என்று சொல்லிவிட்டு, ஏட்டில் ஏறும் நொடியில் இல்லை என்று மாறினால்?

2021 செப்டம்பரில் எழுதப்பட்ட இ.ஆர்.சி. 4337, ஏட்டின் சட்டத்தைத் தொடாமலே இதற்கு விடை கண்டது. 2023 மார்ச்சு 1ஆம் நாள் அது வழக்குக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. பயனர் தம் விருப்பத்தை எழுதித் தனிக் குளத்தில் இடுவார். 'பண்ட்லர்' எனப்படும் திரட்டுநர் பலர் விருப்பங்களை ஒன்றாகத் திரட்டி, ஒரே பதிவாக ஏட்டிலுள்ள நுழைவாயில் நிரலிடம் சேர்ப்பார். 'பேமாஸ்டர்' எனப்படும் கட்டணப் பொறுப்பாளர் நுழைவாயிலில் முன்பணம் வைத்திருப்பார். இந்த விருப்பத்துக்கு நான் கொடுக்கிறேன் என்று அவருடைய நிரல் ஒப்பினால் அந்த முன்பணத்திலிருந்து கட்டணம் கழிக்கப்படும். மேலே சொன்ன ஐயத்துக்கும் மருந்து வைத்தனர். சோதனை நிலையில் நிரல் எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக்கூடாது என்று வரம்பிட்டனர். நேரத்தையோ பிறர் கணக்கையோ பார்த்து விடையை மாற்றும் நிரலைத் திரட்டுநர் ஏற்பதில்லை. அடிக்கடி ஏமாற்றும் பொறுப்பாளரின் மதிப்பு குறைந்து அவர் விலக்கப்படுவார்.

பொறுப்பாளர் இருவகை. ஒருவகையினர் தம் வாடிக்கையாளர்க்காக முழுதும் கொடுப்போர். மற்றொரு வகையினர் ஈதரைத் தாம் கொடுத்து, பயனரிடமிருந்து டாலர் நாணயத்தில் ஈடுசெய்துகொள்வோர். டாலர் நாணயம் 200 வைத்துக்கொண்டு தவித்த தாயாருக்கு உதவுவது பின்னதே. கூலி அவருடைய கையிலிருந்துதான் போகிறது. அவர் கையிலுள்ள காசிலேயே போகிறது என்பதே வேறுபாடு. விலையேற்றத் தாழ்வுக்கும் தம் ஊதியத்துக்குமாகப் பொறுப்பாளர் சிறிது மிகுத்துக் கழிப்பதும் உண்டு. கொடுப்பவர்க்கு மறுக்கும் உரிமையும் இருக்கிறது என்பதையும் மறப்பதற்கில்லை: எந்த முகவரிக்கு, எந்தச் செயலுக்குக் கொடுப்பது என்பதை அவருடைய நிரல் முடிவு செய்கிறது. அவர் மறுத்தால் பயனர் ஈதர் தேடிச் செல்ல வேண்டியதே.

ஆயினும் 4337 புதிய வகைக் கணக்குகளுக்கே உதவிற்று. பழைய முகவரியில் பணம் வைத்திருந்தவர் அதை விட்டுப் புதிய கணக்குக்குக் குடிபெயர வேண்டியிருந்தது. 2025 மே 7ஆம் நாள் எதீரியத்தில் நடைமுறைக்கு வந்த பெக்ட்ரா மாற்றத்தில் இ.ஐ.பி. 7702 இதை நீக்கிற்று. பழைய முகவரிக்குரியவர் 'என் கணக்கு இன்ன நிரலின்படி நடக்கட்டும்' என்று ஓர் உரிமைச்சீட்டில் கையொப்பமிடுகிறார். அச்சீட்டைத் தம் பதிவில் வைத்து ஏட்டுக்கு அனுப்பிக் கட்டணம் கொடுப்பவர் வேறு யாராகவும் இருக்கலாம். எதீரியம் தோன்றி ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழித்து, ஒரு துளி ஈதரும் இல்லாத சாதாரண முகவரி தன் பெயராலேயே செயற்பட முடிந்தது.

அச்சீட்டில் எந்தச் சங்கிலிக்கு உரியது என்று ஓர் எண் எழுத வேண்டும். அங்கே 0 என்று எழுதினால், இம்முறையை ஏற்ற எல்லாச் சங்கிலிகளிலும் அச்சீட்டைக் காட்டலாம். சீட்டில் குறித்த நிரல் தீயதாயின் அந்த ஒரே கையொப்பத்தால் கணக்கிலுள்ள அனைத்தும் போய்விடும். அனுப்புவதற்கான கட்டணத்தைக் கள்வரே மகிழ்ச்சியோடு கொடுப்பார். பாராளுமன்ற உறுப்பினர் வெறுந்தாளில் கையொப்பமிட்டு நண்பரிடம் கொடுத்தபோது, போனது அரசின் கூலி மட்டுமே. இங்கே கையொப்பத்தோடு போவது கையொப்பமிட்டவரின் பெட்டி. பணப்பை நிரல்கள் சில, பிற தளங்கள் கேட்டவுடன் இச்சீட்டில் கையொப்பமிடும் வழியைத் திறந்து விடாமல், தாமே ஆய்ந்து தெரிந்த நிரல்களுக்கு மட்டும் ஒப்புதல் வழங்குகின்றன.